ஓடும் காரில் ஏறிய புத்தகம்

பஸ்ஸிலும் ரயிலிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாவலோ பாடமோ கேட்கிறோமே, அந்த வசதி நமக்காகப் பிறந்ததல்ல. போரில் கண்ணை இழந்தவர்களுக்காகப் பிறந்தது.

1916-ல் பிரான்சின் சோம் போர்க்களத்தில் குண்டு பாய்ந்து பார்வை போனபோது ராணுவ வீரர் இயன் ஃபிரேசருக்கு வயது 18. வளர்ந்தபின் விரலுக்கு பிரெய்ல் எனும் புள்ளி எழுத்தைப் பழக்குவது பெரும்பாடு. தன்னைப் போன்ற வீரர்களுக்காக லண்டனில் நடந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் அமைப்பின் தலைவரான ஃபிரேசர், புத்தகத்தை இசைத்தட்டில் ஏற்றிவிட்டால் என்ன என்று இறங்கினார்.

இடித்தது நேரம்தான். அன்றைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். நாலைந்து நிமிடத்தில் ஒரு பக்கம் தீர்ந்துவிடும். பாட்டுக்குப் போதும், நாவலுக்கு எங்கே போதும்? சுற்றை 24 ஆகக் குறைத்து, தட்டின் வரிகளையும் நெருக்கினார்கள். பக்கத்துக்கு 25 நிமிடம் கிடைத்தது. அவ்வளவு மெதுவான சுற்றில் சங்கீதம் சோபிக்காது. பேச்சுக்கு அது தாராளம். 1935-ல் பேசும் புத்தகங்கள் வீடு தேடிப் போயின. அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலைக்கதை முதல் வரிசையிலேயே இருந்தது. தேர்ந்தெடுத்தவர்கள் ரசனைக்காரர்கள்!

ஆனால் தட்டு மேசையை விட்டு நகராது. 1963-ல் பிலிப்ஸ் கேசட் வந்த பிறகுதான் புத்தகம் பயணம் கிளம்பியது. கலிபோர்னியாவில் டுவால் ஹெக்ட் என்றொருவர், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கியவர். நியூபோர்ட் பீச்சிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு தினமும் காரில் வேலைக்குப் போய்வருவார். ரேடியோ சலித்துவிட்டது. 1975-ல் 'புக்ஸ் ஆன் டேப்' நிறுவனத்தைத் தொடங்கி, ஒரு வரியும் வெட்டாமல் வாசிக்கவைத்த புத்தகங்களைத் தபாலில் வாடகைக்கு விட்டார். ஊர் விட்டு ஊர் வேலைக்குப் போகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மறு ஆண்டே, அச்சுப் பக்கத்தைத் தானாகப் படித்துச் சொல்லும் எந்திரத்தை ரே கர்ஸ்வைல் அறிமுகம் செய்தார். அதுவும் பார்வையற்றோருக்காகத்தான், விற்பனைக்கு வந்ததும் முதலில் வாங்கியவர் பாடகர் ஸ்டீவி வொண்டர். இன்று செல்போனில் கட்டுரையை வாசித்துக்காட்டும் குரல் அந்த எந்திரத்தின் வாரிசு.

ஆக, நாம் அனுபவிப்பது இரவல் வசதி. உங்கள் ஊர்க் கல்லூரியில் பார்வையற்ற மாணவர் யாராவது படித்தால், அவருடைய பாடப்புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். ரெக்கார்டர் உங்கள் செல்போனிலேயே இருக்கிறது.