கம்பம் பள்ளத்தாக்கு பிளேக் ஆய்வு

கம்பம் பள்ளத்தாக்கு பிளேக் ஆய்வு என்பது, இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள கம்பம் பள்ளத்தாக்கில் பரவிய பிளேக் நோயைப் பற்றி ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நடந்த கள ஆய்வாகும். பி. வி. ஜார்ஜ், டபிள்யூ. ஜே. வெப்ஸ்டர் ஆகியோர் எழுதிய இதன் அறிக்கை 1934-ஆம் ஆண்டு 'இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில்' வெளிவந்தது. அப்போது இப்பகுதி சென்னை மாகாணத்தின் மதுரை மாவட்டத்தில் இருந்தது. தொற்றுநோய்க் கண்காணிப்பு தமிழகத்தில் வளர்ந்த வரலாற்றை அறிய இந்த ஆய்வு ஒரு நல்ல தொடக்கப் புள்ளியாகும்.

பின்னணி

1894-இல் ஹாங்காங்கில் பிளேக் பரவியபோது அலெக்சாண்டர் யெர்சின் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1896-இல் நோய் பம்பாயை அடைந்தது. 1898-இல் பெங்களூரிலும் பரவியது. 1897-இல் ஆங்கில அரசு தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. நோயுள்ள ஊர்களிலிருந்து வருவோரைக் கண்காணிக்கச் சென்னை மாகாணத்தில் 'பிளேக் பாஸ்போர்ட்' முறை நடப்பில் இருந்தது.

1898-இல் பிரெஞ்சு மருத்துவர் சிமோன், எலியிலிருந்து நோயைப் பரப்புவது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே என்று கூறினார். 1905-க்குப் பின் பம்பாயில் நடந்த விரிவான சோதனைகள் இதை உறுதி செய்தன. எலி இறந்தவுடன் அதன் உடல் குளிர்ந்துவிடும். பசித்த தெள்ளுகள் அதை விட்டு வெளியேறி, வேறு எலி கிடைக்காதபோது மனிதரைக் கடிக்கும். எனவே ஒரு வீட்டில் எலிகள் செத்து விழுந்த பத்து முதல் பதினான்கு நாட்களில் மனிதருக்குக் காய்ச்சல் கண்டு, தொடை இடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டும். எலிச் சாவைக் கவனித்தால் மனிதச் சாவைத் தடுக்க இரண்டு வார அவகாசம் கிடைக்கும் என்பதே இதில் பெற்ற பாடம்.

தெள்ளுப்பூச்சி பற்றிய கேள்வி

பஞ்சாபிலும் பம்பாயிலும் இலட்சக்கணக்கானோர் மாண்டபோது சென்னை நகரம் பெரிதும் தப்பியது. அதே காலத்தில் கோயம்புத்தூர் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அங்குள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அந்நாட்களை நினைவூட்டுகின்றன. ஒரே மாகாணத்தில் இந்த வேறுபாடு ஏன் ஏற்பட்டது?

கொழும்பில் பணியாற்றிய எல். ஃபேபியன் ஹர்ஸ்ட், எலித்தெள்ளுகள் எல்லாம் ஒரே இனம் அல்ல என்பதைச் சுட்டிக்காட்டினார். 'செனாப்சில்லா கியோப்பிஸ்' என்ற இனம் பிளேக்கை நன்றாகப் பரப்பும். 'செனாப்சில்லா ஆஸ்டியா' என்ற இனம் அந்த அளவுக்குப் பரப்பாது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் ஆஸ்டியா மிகுதி. இதன் பிறகு, எலிகளைப் பிடித்துச் சீவி, ஓர் எலிக்குச் சராசரியாக எத்தனை தெள்ளுகள், எந்த இனம் என்று எண்ணுவது பிளேக் ஆய்வின் அடிப்படை முறையாயிற்று. இந்தச் சராசரிக்குத் 'தெள்ளுக் குறியீடு' என்று பெயர். கியோப்பிஸ் இனத்தின் குறியீடு ஒன்றைத் தாண்டினால் அபாயம் என்று கொள்ளப்படுகிறது. வெப்ஸ்டர், கம்பம் ஆய்வுக்கு முன்பே ஜி. டி. சித்ரேயுடன் இணைந்து எலித்தெள்ளுகள் பற்றி 1930-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்.

பள்ளத்தாக்கின் அமைப்பு

இத்தகைய ஆய்வுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு பொருத்தமான இடம். ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையும் மறுபுறம் மேகமலை, வருசநாட்டு மலைகளும் இதைச் சூழ்ந்துள்ளன. கம்பம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் உள்ளதால், மதுரைச் சமவெளியின் கடும் வெப்பம் இங்கில்லை. மிகுந்த வெப்பமும் வறட்சியும் தெள்ளுகளுக்கு ஆகாது. மிதமான குளிர்ச்சியே அவற்றுக்கு ஏற்றது.

1895-இல் முல்லைப் பெரியாறு அணையின் நீர் கிழக்கே திருப்பப்பட்டதும் பள்ளத்தாக்கில் நெல் விளைச்சல் பெருகியது. இன்று இங்கு 14,707 ஏக்கரில் இருபோகம் நடைபெறுகிறது. விளைந்த நெல் வீடுகளில் குதிர்களிலும் மூட்டைகளிலும் சேர்ந்தது. குமுளி, போடி மலைப்பாதைகள் வழியே தோட்டப் பகுதிகளுக்கும் சென்றது. 1928-இல் மதுரை–போடி இரயில் பாதையும் வந்தது. தானியம் உள்ள இடத்தில் எலி இருக்கும். தானிய மூட்டையோடு தெள்ளும் பயணம் செய்யும். மக்களின் வாழ்வாதாரமான வணிகமே நோய்க்கும் வழியாக அமையக்கூடியது என்பதால், நோயாளிகளை மட்டும் எண்ணினால் போதாது. வீடு, எலி, தெள்ளு, பருவநிலை, சரக்குப் போக்குவரத்து ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மக்களும் தகவலும்

எந்தக் கண்காணிப்பும் முதல் தகவலை நம்பியே உள்ளது. அன்று கிராமத்துப் பிறப்பு, இறப்புகளைப் பதிந்தவர் கிராம முன்சீப். அவர் மருத்துவர் அல்லர். அவர் எழுதும் 'காய்ச்சல்' மலேரியாவாகவும் இருக்கலாம், பிளேக்காகவும் இருக்கலாம்.

மக்கள் தகவலை மறைத்ததற்கும் காரணம் இருந்தது. நோயாளியை முகாமுக்குக் கொண்டுபோவது, வீட்டுக் கூரையைப் பிரிப்பது, பொருட்களை எரிப்பது போன்ற நடவடிக்கைகள் நாட்டின் பல பகுதிகளில் அச்சத்தை விதைத்தன. புனேயில் இக்கெடுபிடிகளால் எழுந்த சினம், 1897-இல் பிளேக் அதிகாரி ராண்ட் கொல்லப்படுவதில் முடிந்தது. உண்மையைச் சொன்னால் வீடு போகும் என்ற நிலையில், செத்த எலியைக் காட்ட யாரும் முன்வர மாட்டார்கள். இரண்டு வார அவகாசம் அங்கேயே வீணாகிவிடும்.

பிற்கால வளர்ச்சி

1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோய்களைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதை மருத்துவர்களின் கடமையாக்கியது. 1980-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், வட ஆற்காடு மாவட்டத்தில் ஓர் எளிய முறையை நடத்திக் காட்டினார். தனியார் மருத்துவர்களும் அரசு மருத்துவர்களும் தாங்கள் கண்ட நோயை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினர். திரட்டிய செய்திகள் இதழாக அவர்களுக்கே திரும்பி வந்தன. தகவல் தருபவருக்கும் பயன் கிடைத்ததே இம்முறையின் சிறப்பு.

1994-இல் சூரத்தில் பிளேக் பரவி, 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாடு தழுவிய கண்காணிப்பின் தேவையை அது உணர்த்தியது. 2004-இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. இதில் கிராமச் சுகாதாரப் பணியாளர், மருத்துவர், ஆய்வகம் என மூன்று நிலைகளில் தகவல் பெறப்படுகிறது. 2021 முதல் இது இணையவழியில் நடக்கிறது. தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் சந்திக்கும் எல்லைப் பகுதியில், பெங்களூரிலுள்ள பிளேக் கண்காணிப்புப் பிரிவு இன்றும் கொறிவிலங்குகளைப் பிடித்துப் பரிசோதித்து வருகிறது.

முக்கியத்துவம்

கம்பம் பள்ளத்தாக்கில் இன்று பிளேக் இல்லை. ஆனால் ஏலத்தோட்ட வேலைக்காகக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியே தொழிலாளர்கள் நாள்தோறும் கேரளத்துக்குச் சென்று வருகின்றனர். டெங்கு, பறவைக் காய்ச்சல், நிபா என எந்தச் செய்தி வந்தாலும் இந்த மலைப்பாதைகளே முதலில் கவனம் பெறுகின்றன. பாதையை அடைப்பது எளிது. ஆனால் அதனால் கூலி இழப்பவர் தன் காய்ச்சலை மறைப்பார். அச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலை இருந்தால்தான் முதல் தகவல் உரிய நேரத்தில் வந்து சேரும். பிளேக் காலத்தில் எலிச் சாவுக்கும் மனிதச் சாவுக்கும் இடையே இருந்த அந்த இரண்டு வாரங்கள் கற்பிக்கும் பாடம் இதுவே.