எக்ஸ்ரே படமும் எரிக்கப்பட்ட பட்டியலும்: தங்கவயலிலிருந்து ஒரு பதிவேட்டு வரலாறு

1930-இல் கோலார் தங்கவயலில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தைக் கூலிப் பிரச்சினை தொடங்கிவைக்கவில்லை, கைரேகைதான் தொடங்கிவைத்தது. ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்திலிருந்த சுரங்கங்கள் தொழிலாளர் ஒவ்வொருவரையும் கைரேகை வாங்கிப் பதிவுசெய்ய முனைந்தன. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் வட்டாரங்களிலிருந்து வந்து குடியேறிய, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த அத்தொழிலாளர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. தங்கவயலின் தொழிலாளர் வரலாற்றை விரிவாக எழுதிய ஜானகி நாயர் இந்தப் போராட்டத்துக்கு உரிய இடம் தந்திருக்கிறார். படிப்பறிவில்லாதவர்களின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவர் யார், அதை எப்போது யாருக்கு எதிராகத் திறப்பார் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

அதே 1930-இல், ஆகஸ்டு மாதம், ஜோகன்னஸ்பர்க்கில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சிலிகோசிஸ் பற்றிய முதல் உலக மாநாட்டைக் கூட்டியது. குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து, திசுவை வடுவாக இறுக்கிவிடும் நோய் அது. மருந்தில்லை, தூசியை விட்டு விலகிய பின்னும் வளரக்கூடியது. தென்னாப்பிரிக்கா 1910-களின் தொடக்கத்திலேயே சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய்க்குத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. அதன் பயன் பெரும்பாலும் வெள்ளைத் தொழிலாளருக்கே போய்ச்சேர்ந்தது என்பது வேறு கதை. தங்கவயலின் தங்கமும் குவார்ட்ஸ் பாறைக்குள்தான் இருந்தது. உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க் ஆகிய நான்கு பெரிய சுரங்கங்களிலும் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தூசியைச் சுவாசித்தார்கள்.

கைரேகைப் போராட்டம் நடந்து பத்தாண்டுக்குப் பின் இன்னொரு பதிவேடு தொடங்கியது. 1940 முதல் 1946 வரை 7,653 தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 3,402 பேருக்குச் சிலிகோசிஸ் இருப்பது கண்டறியப்பட்டதாகக் கேப்லான், பர்டன் ஆகியோரின் 1947-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. நூற்றுக்கு 44-க்கும் மேல். இந்தியத் தொழில்சார் நோய்களின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் இந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறார்கள்.

எண்ணை மேற்கோள் காட்டுவோர் பலர்; அது எப்படி உருவானது என்று கேட்போர் குறைவு. பரிசோதனைக்கு வந்தவர் வேலையில் இருந்தவர். மூச்சிரைத்து, வேலையை விட்டு, ஊருக்குத் திரும்பியவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருமியே இறந்தவருடைய மரணம், பதிவானால், காசநோய் என்றே பதிவாகியிருக்கும். ஆகவே அந்த விழுக்காட்டை மேல்வரம்பு என்று கொள்வதற்கில்லை.

இதைவிடக் கூர்மையான சிக்கல் மருத்துவரின் இருக்கையில் இருந்தது. தங்கவயலின் மருத்துவமனை சுரங்கக் கம்பெனிகளுடையது. அங்கே எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயின் பெயரை எழுதுகிற மருத்துவருக்குச் சம்பளம் தருவதும், அந்தப் பெயர் எழுதப்பட்டால் இழப்பீடு கொடுக்க வேண்டியதும் ஒரே முதலாளி. தொழிலாளியின் நிலையும் இரண்டக நிலைதான். நோய் உறுதியானால் இழப்பீடு வரலாம், வேலை போகலாம். ஒரே காகிதம் அவருக்குச் சான்றாகவும் பணிநீக்க ஆணையாகவும் மாறக்கூடும். 1930-இல் கட்டைவிரலைத் தர மறுத்த கூட்டம் 1940-இல் மார்பைக் காட்டும்போது எதை எண்ணியிருக்கும் என்பதை எந்தப் புள்ளிவிவர அட்டவணையும் சொல்லாது.

விடுதலைக்குப் பின் வந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இதற்கு ஒரு விடை கூற முயன்றது. அறிவிக்கப்பட்ட தொழில்நோய் ஒன்று சுரங்கத் தொழிலாளிக்கு இருப்பதாக நம்பும் மருத்துவர் அதைத் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதன் 25-ஆம் பிரிவு கட்டளையிட்டது. அறிக்கை உறுதியானால் மருத்துவருக்குக் கட்டணம் உண்டு என்றது. அந்தத் தொகை சுரங்க உரிமையாளரிடமிருந்து வசூலிக்கப்படும் என்றும் விதித்தது. தெரிவிக்கத் தவறினால் 50 ரூபாய் வரை அபராதம். சட்டம் எழுதியவர்கள் மருத்துவரின் தயக்கத்தை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அந்தக் கட்டணமே சாட்சி. ஆனால் வேலை தரும் முதலாளியின் அதிருப்தியோடு ஒப்பிட்டால் அந்த 50 ரூபாய் எம்மாத்திரம்?

நோயாளர் பாதுகாப்பு என்று இன்று வழங்கும் முயற்சியில் மருத்துவமனைகளைச் சேர்க்க முற்பட்ட எல்லோரும் இதே முட்டுச்சுவரில் மோதியிருக்கிறார்கள். அங்கே பதிவாக வேண்டியது சுரங்கத்தின் பிழை அல்ல, மருத்துவமனையின் சொந்தப் பிழை என்பதால் தயக்கம் இன்னும் இறுகியது. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1911 முதல் 1916 வரை தம் சிறு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் கணக்கை எடுத்து, அவர்கள் சிகிச்சையில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே அச்சிட்டு வெளியிட்டார். மற்ற மருத்துவமனைகளும் அவ்வாறே செய்யட்டும் என்றார். யாரும் முன்வரவில்லை, சக மருத்துவர்களின் பகையே மிஞ்சியது. அவருடைய கருத்தை ஒட்டி அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி நூறு படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. குறைந்தபட்சத் தகுதி பெற்றவை 89 மட்டுமே. புகழ்பெற்ற பெயர்கள் பல தேறவில்லை. 1919-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் அந்தப் பட்டியல் பத்திரிகைகளின் கையில் சிக்காதபடி நள்ளிரவில் அடுப்பில் இடப்பட்டது. எண்ணிக்கை மட்டும் வெளியானது, பெயர்கள் சாம்பலாயின. அதன்பிறகே மருத்துவமனைகள் திரளாக அத்திட்டத்தில் சேர்ந்தன. 1950 வாக்கில் ஒப்புதல் பெற்றவை மூவாயிரத்தைத் தாண்டின. இதை வெற்றி என்பதா, உடன்படிக்கை என்பதா? இரண்டுமே பொருந்தும்.

தென்னிந்தியாவில் இதற்கு இணையான அனுபவம் மகப்பேற்று மரணங்களை ஆராய்ந்தபோது கிட்டியது. இங்கிலாந்தில் 1952 முதல் நடந்துவரும் இரகசிய விசாரணை முறையை முன்மாதிரியாகக் கொண்டு, கேரள மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2004-இல் அரசின் ஆதரவோடு தாய்மார் மரண ஆய்வைத் தொடங்கியது. கேரளத்தில் பிரசவங்களில் பெரும்பகுதி தனியார் மருத்துவமனைகளில் நடப்பதால் அவற்றைச் சேர்க்காத ஆய்வுக்குப் பொருளில்லை. நோயாளி, மருத்துவர், மருத்துவமனை ஆகிய மூன்று பெயர்களும் நீக்கப்பட்ட நோய்க்குறிப்பின் நகலே ஆய்வாளர் கைக்குப் போகும் என்பது அங்கே தரப்பட்ட உறுதி. மருத்துவர் பைலி தொகுத்த முதல் அறிக்கை 2009-இல் வெளிவந்தது. பிரசவகால இரத்தப்போக்கே முதன்மைக் காரணம் என்று தெரிந்ததும், மாநில அரசு பிரிட்டனின் நைஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தர வரையறைகளை வகுத்து, எல்லா மருத்துவமனைகளிலும் ஒரே நாளில் திணிக்காமல், முதலில் சிலவற்றில் மட்டும் நடைமுறைப்படுத்தியது.

தமிழ்நாடு வேறு பாதையில் போனது. 1990-களில் தொடங்கிய மரண ஆய்வு, 2004-க்குப் பின் தனியார் மருத்துவமனைகளையும் உள்ளடக்கிய கட்டாயமாயிற்று. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் நடக்கும் கூட்டத்தில் இறந்த பெண்ணின் உறவினரும் பேசுவர். எந்த மருத்துவமனையிலிருந்து எந்த மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், வண்டி எப்போது வந்தது, இரத்தம் கேட்டு எங்கே அலைந்தார்கள் என்பவை அவர்கள் வாயிலிருந்து வரும். 1993-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 380 ஆக இருந்த தாய்மார் மரண விகிதம் 2007-இல் 90 ஆகக் குறைந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஆவணம் குறிப்பிடுகிறது. இந்த இறக்கம் முழுவதையும் மரண ஆய்வின் கணக்கில் எழுதுவது மிகை. ஆரம்பச் சுகாதார நிலையங்களும் இரத்த வங்கிகளும் அதே காலத்தில் பெருகின. ஆனால் பெயர் மறைக்காமலும் ஓர் ஆய்வை நடத்த இயலும் என்பதை அது காட்டியது. அதற்கு விலையும் உண்டு: மரணம் தன் கணக்கில் சேரக்கூடாது என்று அஞ்சும் மருத்துவமனை, நோயாளியைக் கடைசி நேரத்தில் வேறிடம் அனுப்பக்கூடும்.

பெயரை மறைத்தால் மருத்துவர் பேசுவார், உறவினருக்குப் பதில் கிடைக்காது. பெயரைத் திறந்தால் உறவினர் பேசுவார், மருத்துவமனை பின்வாங்கும். நோயாளர் பாதுகாப்பு பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முதல் வழியையே அறிவியல் என்றும் இரண்டாவதைப் பழிதேடல் என்றும் பிரிக்கின்றன. தங்கவயலின் நுரையீரல்களை நினைவில் வைத்திருப்பவருக்கு இந்தப் பிரிவினை போதாது. பெயரில்லாத எக்ஸ்ரே படம் ஆய்வேட்டுக்கு உதவும்; அதைக் கொண்டு விதவை ஒருத்தி இழப்பீடு கேட்க முடியாது.

1956-இல் மைசூர் அரசின் கைக்கும் பின்னர் மத்திய அரசின் கைக்கும் போன சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. கம்பெனி மருத்துவமனையும் பின்னர் செயலிழந்தது. நோய் மூடப்படவில்லை. அதன்பின் மூச்சிரைப்போடு இராபர்ட்சன்பேட்டையிலிருந்தோ ஆண்டர்சன்பேட்டையிலிருந்தோ வேறு ஊர் மருத்துவமனைக்குப் போகும் முதியவரை, சுரங்கத்தைக் கண்ணால் காணாத இளம் மருத்துவர் பார்க்கிறார். சளிப் பரிசோதனைக்கு எழுதுவதற்கு முன் "ஐயா, முன்பு என்ன வேலை செய்தீர்கள்?" என்று அவர் கேட்டால்தான் நோயை அறிவிக்கும் கடமைக்கு வேலை வரும்.