சூப்பர்ஹெவி: ரஹ்மானும் டப்பும் சந்திச்ச இடம்

2011 செப்டெம்பரில் 'சூப்பர்ஹெவி' எண்டொரு இசைத்தொகுப்பு வந்தது. ரோலிங் ஸ்டோன்ஸ் மிக் ஜாகர், யூரித்மிக்ஸ் டேவ் ஸ்டுவர்ட், பொப் மார்லியின் மகன் டேமியன் மார்லி, ஆங்கிலப் பாடகி ஜோஸ் ஸ்டோன், இவையோட எங்கட ஏ. ஆர். ரஹ்மான். இத்தனை பெரிய பெயர்கள் இருந்தும் சுற்றுப்பயணமும் நடக்கேல்ல, இரண்டாவது தொகுப்பும் வரேல்ல. 'பெரிய ஆக்களின்ர விளையாட்டு' எண்டு இதை ஒதுக்கிவிடலாம். ஆனா டப்பின் வரலாற்றைத் தெரிஞ்சுகொண்டு கேட்டா, இது எங்க சறுக்கினது எண்டு விளங்கும்.

டப் பிறந்தது ஜமெய்க்காவின் கிங்ஸ்டன் நகரத்தில். 1960களின் கடைசியில் அங்க இசைத்தட்டின் பின்பக்கத்தில் அதே பாட்டைக் குரல் இல்லாமப் போடத் தொடங்கினாங்க. கிங் டபி எண்டு பேரெடுத்த ஒஸ்போர்ன் ரடொக் அதை ஒரு கலையாக்கினார். அவர் பாடகர் இல்லை, மின்சாதனங்கள் திருத்துற ஆள். வோட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த சின்ன வீட்டில நாலு தட ஒலிக்கலவை மேசையை வச்சுக்கொண்டு குரலை வெட்டினார், கிற்றாரை ஒரு கணம் காட்டி மறைச்சார், பேஸையும் ட்ரம்மையும் எதிரொலியில் மிதக்க விட்டார். ஒலிப்பதிவாளரும் இசைக்கலைஞர்தான் எண்டு அவருக்குப் பிறகு உலகம் ஒத்துக்கொண்டது.

றொக் காரருக்கு இது சீக்கிரமே பிடிச்சுப்போச்சு. 1978ல ஜாகர், பீற்றர் ரொஷ்ஷோட சேர்ந்து பாடினார். 1979ல லண்டனின் பப்ளிக் இமேஜ் லிமிட்டெட் குழு, ஜா வொபிளின் கனமான பேஸோட 'மெற்றல் பொக்ஸ்' தொகுப்பை வெளியிட்டது.

சூப்பர்ஹெவிக்கான யோசனையும் ஜமெய்க்காவிலதான் வந்தது. சென்ற் ஆன்ஸ் பே பக்கம் மலையில் இருந்த ஸ்டுவர்ட்டின் வீட்டுக்கு, கீழ ஊரில மூண்டு சவுண்ட் சிஸ்டம் வேற வேற பாட்டுப் போடுறது ஒரே நேரத்தில் கேட்குமாம். இந்தக் கலவையை ஏன் ஒரு குழுவாக்கக் கூடாது எண்டு அவர் ஜாகரிட்டக் கேட்டார். கோயில் ஒலிபெருக்கியும், கடைப் பாட்டும், பஸ் பைலாவும் ஒண்டாக் காதுல விழுற வெள்ளவத்தை, பாமன்கடை ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனா டப்புக்கு உண்மையிலேயே கிட்ட நிண்டவர் ரஹ்மான் எண்டு நான் நினைக்கிறன். கிங் டபி தன்ர வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தது 1989ல. அதே வருசம்தான் ரஹ்மான் சென்னையில தன்ர வீட்டோட 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். கலைஞர்களைத் தனித்தனியா வாசிக்கவிட்டுப் பதிவுசெய்து, பிறகு இரவிரவா இருந்து எதை வைக்கிறது, எதை எடுக்கிறது எண்டு தீர்மானிக்கிறது அவர்ர வழி. 1992ல வந்த 'ரோஜா'வில ரெகே சாயல் கேட்கிறதோட, வெறுமையா விட்ட இடங்களும் கேட்கும்.

சூப்பர்ஹெவியில் அந்த வெறுமைதான் குறைவு. 2009ல லொஸ் ஏஞ்சல்ஸில் ஐஞ்சு பேரும் ஒண்டா இருந்து, பத்து நாளில 29 பாட்டு உருவாக்கினதாச் சொன்னாங்க. 'மிரக்கிள் வேர்க்கர்' பாட்டில ஆளுக்கொரு முறை பாடுறாங்க. 'சத்யமேவ ஜயதே'யில ஜாகர் சமஸ்கிருதத்திலயே பாடுறார். கேட்க வேடிக்கையா இருக்கு, ஆனா மூச்சு விட இடமில்லை. சம பங்கு உள்ள ஐஞ்சு நட்சத்திரங்களில் யாற்ற குரலை வெட்டுறது? அந்த மரியாதையே பாட்டுக்குப் பாரமாப் போச்சு. கிங் டபிக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவர் மேசையில் எல்லாக் குரலும் ஒண்டுதான்.

இண்டைக்கு கொட்டாஞ்சேனையிலயும் வெள்ளவத்தையிலயும் அறைக்குள்ள மடிக்கணினியோட பாட்டுச் செய்யுற பெடியளும் பிள்ளைகளும் இருக்கிறாங்க. ஜாகரின் காசும் புகழும் அவங்களிட்ட இல்லை, டபியிட்ட இருந்ததை விடக் கூடுதல் தடங்கள் இருக்கு. நண்பர்களோட சேர்ந்து பாட்டுச் செய்யுறதா இருந்தா, யார் வெட்டுறது எண்டு முதலே பேசி முடிவெடுங்க. முதல்ல உங்கட குரலையே மியூட் பண்ணிக் கேட்டுப் பாருங்க.