சேப்பாக்கத்தின் கைதட்டல் ஆம்பூரில் எப்படிக் கேட்டது?

கிரிக்கெட் வரலாற்றில் மறக்க முடியாத தருணங்கள்னு பட்டியல் போட்டா பெரும்பாலும் ஜெயிச்ச கதைகள்தான் வரும். 1983 லார்ட்ஸ், 2001 ஈடன் கார்டன்ஸ், 2011 வான்கடே. இன்னைக்கு நான் பேசப்போறது ஒரு தோல்வியைப் பத்தி. சென்னை சேப்பாக்கம், 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. பாகிஸ்தானிடம் இந்தியா 12 ரன்னில் தோற்ற டெஸ்ட்.

ஸ்கோரெல்லாம் நெட்ல கிடைக்கும். இந்த எபிசோடுக்குக் காரணம், மேட்ச் முடிஞ்ச பிறகு நடந்த விஷயம். அது சேப்பாக்கத்தில் ஒரு மாதிரியும், சுமார் 180 கிலோமீட்டர் தள்ளி எங்க ஆம்பூரில் வேற மாதிரியும் கேட்டது.

மேட்சுக்கு முன்னாடி

முதல்ல அந்தக் காலம் எப்படி இருந்ததுன்னு பார்த்துடலாம். 1998 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியது. அதே மாதக் கடைசியில் பாகிஸ்தானும் நடத்தியது. அடுத்த ஜனவரியில் பாகிஸ்தான் அணி டெஸ்ட் விளையாட இந்தியா வந்தது. டெஸ்ட் தொடருக்காக அவர்கள் இங்கே வந்து 12 வருஷம் ஆகியிருந்தது.

வரக்கூடாதுன்னு சிவசேனா எதிர்த்தது. ஜனவரி 6-ஆம் தேதி டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லா மைதானத்தில் புகுந்து பிட்ச்சையே தோண்டிப் போட்டார்கள். அதனால் டெல்லியில் நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. போலீஸ் காவலோட ஜனவரி 28-இல் ஆட்டம் ஆரம்பம்.

நாலு நாள், நாலு ஆட்டம்

முதல் இன்னிங்ஸில் பாகிஸ்தான் 238. அனில் கும்ப்ளேவுக்கு 6 விக்கெட். இந்தியா 254. சக்லைன் முஷ்டாக்குக்கு 5 விக்கெட். சச்சின் பூஜ்ஜியம்.

இரண்டாவது இன்னிங்ஸில் ஷாஹித் அஃப்ரிடி 141 அடிச்சார். அதுவரை ஒருநாள் போட்டியில் விளாசுகிற பையன்னுதான் அவரை நினைச்சிருந்தோம். பாகிஸ்தான் எங்கேயோ போயிடும்னு நினைக்கும்போது, வெங்கடேஷ் பிரசாத் பழைய பந்தைக் கையில் எடுத்தார். ஒரு ரன்கூடக் கொடுக்காமல் 5 விக்கெட்! மொத்தம் 33 ரன்னுக்கு 6. பாகிஸ்தான் 286 ஆல் அவுட்.

இங்கே ஒரு சின்ன விஷயம். எங்க ஊர்ப் பக்கம் எல்லாமே தோல் தொழில்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைன்னு பாலாறு ஓரமா டேனரியும் ஷூ கம்பெனியும். ஆனா கிரிக்கெட் பந்துன்னா அது மீரட், ஜலந்தர் பக்கம். நம்ம ஆளுங்க செய்வது ஷூ. இருந்தாலும், தோல் எப்போ காயும், எப்போ உரியும், எப்போ ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு இருக்கும்னு தெரிஞ்சவங்க நிறையப் பேர். பிரசாத் கையில் இருந்த அந்தப் பந்தைப் பத்தி அவங்க பேசின பேச்சை எந்த கமென்ட்ரியிலும் நான் கேட்டதில்லை.

இந்தியாவுக்கு இலக்கு 271. வக்கார் யூனிஸ் ரெண்டு ஓப்பனர்களையும் சீக்கிரமே தூக்கிட்டார். நாலாவது நாள் 82 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன் எடுத்தார்கள். சச்சினுக்கு முதுகு வலி தாங்கல. குனிய முடியல, நிமிர முடியல. இருந்தும் அடிச்சார். மோங்கியா 52-ல் அவுட். ஸ்கோர் 254 ஆனபோது சக்லைன் பந்தைத் தூக்கி அடிக்கப் பார்த்தார் சச்சின். மேலே எழும்பின பந்தை வாசிம் அக்ரம் பிடிச்சார். சச்சின் 136.

இன்னும் 17 ரன் வேணும், கையில் 3 விக்கெட். அதுக்கப்புறம் வந்தது 4 ரன்தான். கடைசியா ஸ்ரீநாத் போல்ட். 258 ஆல் அவுட். சக்லைனுக்கு மறுபடியும் 5 விக்கெட். ஆட்டநாயகன் சச்சின்தான், ஆனா பரிசு வாங்க அவர் வெளியே வரல.

அந்தக் கைதட்டல்

மைதானம் ஒரு நிமிஷம் உறைஞ்சுபோச்சு. அப்புறம் ஒரு ஸ்டாண்டில் ஆரம்பிச்ச கைதட்டல் எல்லா ஸ்டாண்டுக்கும் பரவியது. எழுந்து நின்னு தட்டினாங்க. ஜெயிச்ச பாகிஸ்தான் அணி அதைப் பார்த்துட்டு மைதானத்தைச் சுத்தி ஓடிவந்து நன்றி சொன்னது.

சேப்பாக்கத்துக்கு இது புதுசும் இல்லை. 1997 மே 21-ஆம் தேதி இதே மைதானத்தில் சயீத் அன்வர் 194 அடிச்சு, விவியன் ரிச்சர்ட்ஸ் 1984-இல் எடுத்த 189 ரன் சாதனையை உடைச்சார். ஒருநாள் போட்டியில் அப்போ அதுதான் உலக சாதனை. அன்னைக்கும் சென்னைக்காரங்க எழுந்து நின்னாங்க.

ஆம்பூர்ல

எங்க வீட்டில் உருது, தெருவில் தமிழ். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இது சாதாரணம். எனக்குப் பிடிச்ச பேட்ஸ்மேன் சச்சின். இதையெல்லாம் இவ்வளவு விவரமா நான் சொல்ல வேண்டியிருக்கு பாருங்க, அதுதான் விஷயமே.

ஸ்கூல் படிக்கும்போது இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் வந்தா யாராவது ஒருத்தர் என்கிட்ட கேட்பாங்க: "நீ யாருக்குடா சப்போர்ட்டு?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்பாங்க. ஆனா பதில் சொல்ற வரைக்கும் முகத்தையே பார்த்துட்டு இருப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மத்த பசங்ககிட்ட இந்தக் கேள்வி போகாது.

இது நம்ம நாட்டுக் கேள்வி மட்டும் இல்லை. 1990-இல் பிரிட்டனில் நார்மன் டெபிட்னு ஒரு கன்சர்வேடிவ் அரசியல்வாதி, அங்கே குடியேறின ஆசியர்கள் எந்த அணிக்குக் கைதட்டறாங்கன்னு பார்த்து விசுவாசத்தை அளக்கலாம்ங்கிற மாதிரி பேசினார். கிரிக்கெட் பரீட்சைன்னே அதுக்குப் பேர் வந்துடுச்சு. எங்க தெருவில் டெபிட் யார்னு யாருக்கும் தெரியாது. ஆனா அந்தப் பரீட்சை எழுதாத பையன் கிடையாது.

அதனால வீட்டில் ஒரு விதி இருந்தது. மேட்ச் அன்னைக்குச் சத்தம் போடக்கூடாது. சயீத் அன்வர் சிக்ஸர் அடிச்சா, அது எவ்வளவு அழகான ஷாட்டா இருந்தாலும், வாயை மூடிக்கிட்டுப் பார்க்கணும். "தெருவுல கேட்கும்"னு மாமூ சொல்வார். அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்ஷன்ல இருந்தவர்.

1999 ஜனவரியில் ரம்ஜான் முடிஞ்சு ரெண்டு வாரம்கூட ஆகல. அந்த ஞாயித்துக்கிழமை வீடு நிறைய ஆட்கள். சச்சின் அவுட்டானதும் மாமூ தலையில் கைவெச்சு உட்கார்ந்துட்டார். ஸ்ரீநாத் அவுட்டானபோது டிவியை ஆஃப் பண்ணுங்கன்னு யாரோ சொன்னாங்க. அதுக்குள்ள சேப்பாக்கம் எழுந்து நின்னுடுச்சு. மாமூ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அவரும் தட்டினார், சத்தமா. நாங்களும் தட்டினோம். முதல் தடவையா ஜன்னல் திறந்திருந்தது.

அது எத்தனை நாள்?

"சென்னை ரசிகர்கள் விவரமானவங்க, அதான் தட்டினாங்க"ன்னு கதையை முடிச்சுக்கலாம். முடிக்க எனக்கு மனசு வரல.

மூணு வாரம்கூட ஆகல, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் அதே ரெண்டு அணி மோதின டெஸ்ட். ஷோயப் அக்தர் மேல மோதி சச்சின் ரன் அவுட் ஆனார். கூட்டம் கொந்தளிச்சது. கடைசி நாள் பார்வையாளர்களை வெளியேத்திட்டு, கிட்டத்தட்ட காலி மைதானத்தில் ஆட்டத்தை முடிச்சாங்க. பாகிஸ்தான் 46 ரன்னில் ஜெயிச்சது, தட்ட ஆள் இல்லை. அதே பிப்ரவரியில் வாஜ்பாய் பஸ்ஸில் லாகூர் போனார். மே மாதம் கார்கில் போர்.

சேப்பாக்கமும் எப்பவும் ஒரே மாதிரி இருக்கல. 2013 ஐபிஎல்-இல் இலங்கை வீரர்கள் சென்னையில் விளையாட முடியல. ஈழத்தில் நடந்ததுக்கான கோபம் அது, அதுக்குக் காரணமும் இருந்தது. ஆனா கிரிக்கெட்டை அரசியலுக்கு வெளியே வைக்கிற ஊர்னு நம்மளைப் பத்தி நாமே சொல்லிக்கிறதுக்கு முன்னாடி அதையும் ஞாபகம் வெச்சுக்கணும்.

என்னை உறுத்துகிற விஷயம் இன்னொண்ணு. 1999-இல் சேப்பாக்கம் ஸ்டாண்டிலிருந்து வந்த அதே கைதட்டல் எங்க தெருவிலிருந்து முதலில் வந்திருந்தா? சேப்பாக்கத்தில் அது பண்பாடு. ஆம்பூரில் அது விசாரணை. மாமூவுக்கு அது தெரியும். அதனாலதான் சேப்பாக்கம் தட்டுற வரைக்கும் அவர் காத்திருந்தார்.

அந்தக் கூட்டத்தை நான் குறைச்சுச் சொல்லல. எங்களுக்காகன்னு நினைச்சு அவங்க தட்டல, நல்ல ஆட்டத்துக்குத் தட்டினாங்க. இருந்தாலும் அன்னைக்கு எங்க வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. உங்க ஆபீஸிலோ ஹாஸ்டலிலோ அடுத்த இந்தியா-பாகிஸ்தான் மேட்ச் ஓடும்போது, பக்கத்தில் இருக்கிறவர்கிட்ட அந்தக் கேள்வியைக் கேட்காதீங்க. சக்லைனோட அந்த ஓவரைப் பத்திக் கேளுங்க. நிறையப் பேசுவாங்க.

அடுத்த எபிசோட்ல, இதே சேப்பாக்கத்தில் 1986-இல் யாரும் ஜெயிக்காத, யாரும் தோற்காத அந்த டை டெஸ்ட். பார்ப்போம்.