வடலூர் அடுப்பு பிறந்த கதை

1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் ஓர் அடுப்பு மூட்டப்பட்டது. மூட்டியவர் சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், நம் வள்ளலார். சென்னையை விட்டு வந்தபின் கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் பல ஆண்டுகள் தங்கியிருந்தவர். அடுப்புக்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து மக்கள். சுமார் 80 காணி. எழும்பியது மண் சுவரும் விழல் கூரையுமான ஒரு சாலை. பெயர் சத்திய தருமச்சாலை. திறப்பு நாளில் அவர் எழுதிய 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலின் முதற்பகுதி வாசிக்கப்பட்டது.

21 அடி நீளக் கோட்டை அடுப்பு அது. அன்று ஏற்றிய தீயை இன்றுவரை அணையவிடாமல் காத்து வருவதாகச் சாலையின் மரபு. கடலூர்–விருத்தாசலம் சாலையும் கும்பகோணம் சாலையும் கூடும் ஊர் என்பதால், வழிப்போக்கருக்கும் பஞ்சமில்லை.

இதை அன்னதானம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அன்னதானம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. சத்திரங்கள் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் பல சத்திரங்களில் பிராமணருக்குத் தனிப் பந்தி. சோறு கிடைத்தாலும், இலை போடும் இடம் பிறப்பைப் பொறுத்தது. வள்ளலார் கைவைத்தது அந்த இடத்தில். தருமச்சாலையில் உட்காரப் பசி ஒன்றே தகுதி.

இதில் நான் மிகவும் மதிக்கும் ஒரு நுட்பம் உண்டு. 1872 தைப்பூசத்தில் திறந்த தம் வழிபாட்டு இடமான சத்திய ஞானசபைக்கு ஒரு நிபந்தனை வைத்தார்: கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம். புலால் மறுப்பில் அவ்வளவு உறுதியான மனிதர், சோற்றுக்கு மட்டும் அந்த நிபந்தனையை வைக்கவில்லை. புலால் உண்பவர் பசித்து வந்தாலும் பசியை ஆற்றியே தீரவேண்டும் என்பது அவர் விதி. தன் கொள்கைக்கே வெளியே நிற்பவருக்கும் இலை போட ஒரு மனம் வேண்டும்.

யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை எந்தக் குழந்தையும் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. கல்யாண வீட்டில் ஓடிப்போய் ஏதோ ஓர் இலைமுன் உட்காரும். பாட்டி வந்து மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "அங்க வேணாம், இங்க வா" என்பாள். காரணம் சொல்ல மாட்டாள். இரண்டாம் முறை இழுக்கத் தேவையிருக்காது. பாடநூல்கள் சமூகமயமாதல் என்று சொல்வது இந்த இழுப்பைத்தான். பண்பாடு என்று நாம் கொண்டாடுவதில் பாதி, கேள்வி கேட்கும் வயது வருமுன் உடம்பில் ஏறிவிட்ட பழக்கம். அதைப் பிரசங்கத்தால் மட்டும் மாற்றிவிட முடியாது. வேறொரு பழக்கம் தினமும் நடக்கவேண்டும். பாடல்கள் ஆயிரக்கணக்கில் பாடியவர் அடுப்பும் கட்டியதன் பொருள் எனக்கு இப்படித்தான் விளங்குகிறது.

அந்தப் பழக்கத்தை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்குச் சேரன்மாதேவி சாட்சி. விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய தேசியக் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று தெரியவந்தபோது, 1924 வாக்கில் அன்று காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதித்தெழுந்தார்கள்; தமிழ்நாட்டுக் காங்கிரசே அதில் பிளவுபட்டது. வடலூர் அடுப்பு மூட்டி அதற்குள் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. விடுதலைக்கு ஆள் தயாரிக்கப் பிறந்த பள்ளியிலேயே பிள்ளைகள் மூன்று வேளையும் பிரிவினையைச் சோற்றோடு சேர்த்து உண்டார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கான தனி இடம் ஒழிய 1941 ஆயிற்று.

கடலூரிலோ சிதம்பரத்திலோ சமூகவியல் முதலாண்டு படிக்கும் பிள்ளைகளை ஒருநாள் மதியம் வடலூருக்கு அழைத்துப் போகவேண்டும். பக்கத்தில் உட்காருபவர் யார், எந்த ஊர் என்று எவரும் விசாரிக்காமல் சாப்பாடு நடப்பதை அவர்கள் பார்க்கட்டும். பிறகு தங்கள் தெருக் கோயில் திருவிழாவிலும் வீட்டு விசேஷத்திலும் யாருக்கு எங்கே இலை விழுகிறது, யார் கடைசிப் பந்தி, யாருக்குப் பொட்டலம் என்று ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதி வரட்டும்.