மலைப்பணியும் மேற்படிப்பும்

மருத்துவப் பட்டம் பெற்றவர் எந்த மருத்துவமனையில், எந்தத் துறையில் மேற்பயிற்சி பெற விரும்புகிறார் என்பதை அறிவிக்கும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அமெரிக்காவில் 1952 முதல் விண்ணப்பதாரரும் மருத்துவமனையும் தத்தம் விருப்ப வரிசையைத் தர, இரண்டும் பொருத்தப்பட்டு இடம் முடிவாகிறது. 2020-21இல் அங்குக் காது மூக்கு தொண்டைத் துறையில் ஒவ்வொருவரும் தாம் மிக விரும்பும் ஐந்து மருத்துவமனைகளுக்கு முன்கூட்டியே விருப்பக்குறி அனுப்பும் வழக்கம் தொடங்கி, பிறகு பல துறைகளுக்கும் பரவியது.

தமிழ்நாட்டில் மருத்துவமனைக்குத் தேர்வுரிமை இல்லை. நுழைவுத்தேர்வுத் தரவரிசையே முறையை ஆள்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் தேர்வுக் குழுவின் நேரடிக் கலந்தாய்வில், தரவரிசைப்படி அழைக்கப்பட்டவர் அந்நேரம் எஞ்சியிருந்த இடங்களைப் பார்த்துக் கல்லூரியையும் பாடத்தையும் அங்கேயே தெரிவுசெய்தார். இணையவழிக் கலந்தாய்வு வந்தபின் அவ்விருப்பங்களை முன்னதாகவே பட்டியலிட்டுப் பூட்டிவிட வேண்டியதாயிற்று. இந்த வரிசையில் ஒருவரை மேலே உயர்த்தக்கூடிய மற்றொன்று அரசுப்பணி, அதிலும் குறிப்பாக மலைப்பணி.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை இதன் பொருளை விளக்கும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலை, ஜாகீர்தார்கள் எனப்பட்ட பரம்பரை நிலவுரிமைத் தலைவர்களின் ஆளுகையிலிருந்து 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அரசின் பள்ளியும் சாலையும் சுகாதார நிலையமும் இங்குத் தாமதமாக வேர்விட்டதற்கு இவ்வரலாறும் ஒரு காரணம். இத்தகைய இடங்களுக்குச் செல்ல மருத்துவர்கள் தயங்கியதால், பணியையே மேற்படிப்புக்கான தகுதியாக்கும் எண்ணம் விதியாயிற்று.

இந்திய மருத்துவக் கழகம் முதுநிலைக் கல்விக்கென 2000இல் வகுத்த விதிகளில் பின்னர் சேர்த்த திருத்தத்தின்படி, தொலைதூர அல்லது கடினமான பகுதியில் பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நுழைவுத்தேர்வில் பெற்ற மதிப்பெண்ணில் 10 சதவீதம் வரையும், மொத்தத்தில் 30 சதவீதம் வரையும் ஊக்க மதிப்பெண் வழங்க வழி ஏற்பட்டது. 400 மதிப்பெண் பெற்ற அரசு மருத்துவர் ஒருவருக்கு மூன்றாண்டு மலைப்பணி 120 மதிப்பெண் வரை கூட்டித் தரக்கூடும். தரவரிசையில் இது பெரும் பாய்ச்சல்.

இதனோடு, மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் பாதியை அரசு மருத்துவர்களுக்கென ஒதுக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. முதுநிலைப் பட்டப் படிப்பில் அத்தகைய தனி ஒதுக்கீட்டை மேற்கண்ட விதி ஏற்கவில்லை என உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்ததால் அது நின்றுபோய், ஊக்க மதிப்பெண் மட்டுமே எஞ்சியது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2020 ஆகஸ்ட் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியிலுள்ள மருத்துவர்களுக்குத் தனி வழி வகுக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று அறிவித்தது.

கல்வராயன் மலையின் ஒரு பகுதியைக் கொண்டு 2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், சிறப்பு மருத்துவம் மலையடிவாரத்துக்கு நெருங்கி வந்திருக்கிறது. எனினும் ஊக்க மதிப்பெண் மருத்துவரை மலைக்கு அழைத்துவரும் அதே வேகத்தில், மேற்படிப்புக்காக மலையிலிருந்து இறக்கியும் விடுகிறது. தனி ஒதுக்கீட்டு வழியில் படித்தவர்கள் பட்டம் பெற்றபின் கிராம, பழங்குடி, மலைப்பகுதிகளில் சில ஆண்டுகள் பணியாற்ற உறுதிப்பத்திரம் எழுதித் தரவேண்டும் என்று 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பும் வலியுறுத்தியிருப்பதற்கு இதுவே காரணம்.