காட்ஸில்லாவுக்கு முன்னால் ஒரு மீன்பிடிக் கப்பல்

நான் முதலில் பார்த்த காட்ஸில்லா பாதிதான் காட்ஸில்லா. விடுதி அறையில் நண்பனின் லேப்டாப்பில் ஓடிய அந்தக் கருப்புவெள்ளைப் படத்தில் ரேமண்ட் பர் என்ற அமெரிக்க நடிகர் நிருபராக வந்து, டோக்கியோ எரிவதை நமக்கு விளக்கிக்கொண்டே இருப்பார். ரப்பர் உடைக்குள்ள ஆள் நடக்கிறான்டா என்று சிரித்துக்கொண்டே பார்த்தோம். 1956இல் அமெரிக்காவுக்காக வெட்டி ஒட்டிய பிரதி அது என்று அப்போது தெரியாது. பல வருடம் கழித்து, இஷிரோ ஹோண்டா இயக்கி 1954 நவம்பர் 3 அன்று வெளியான ஜப்பானிய மூலம் 'கோஜிரா' கிடைத்தது. இந்த முறை சிரிப்பு வரவில்லை.

படம் மிருகத்தோடு தொடங்குவதில்லை. ஒரு கப்பல். மேல்தளத்தில் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாரோ கிட்டார் வாசிக்கிறார்கள். திடீரென்று கடலில் ஒரு வெளிச்சம். கப்பல் எரிந்து மூழ்கும்போது வானொலி அறையில் இருப்பவர் உதவி கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

1954இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது கற்பனையே இல்லை. அந்த மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துச் சோதித்தது. 6 மெகாடன் அளவுக்கு வெடிக்கும் என்று கணக்குப் போட்டார்கள், வெடித்தது 15. அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியேதான் 'ஐந்தாம் எண் ஃபுகுர்யு மாரு' என்ற சூரை மீன்பிடிக் கப்பல் நின்றிருந்தது. முதலில் வெளிச்சம், பிறகு சத்தம், பிறகு வெள்ளைச் சாம்பல். பவளப்பாறை பொடியாகி விழுந்த கதிரியக்கச் சாம்பல் அது. கப்பலில் இருந்த 23 பேர் மேலும் அது படிந்தது. மார்ச் 14இல் யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். விஷயம் வெளியே தெரிவதற்குள் அவர்கள் பிடித்த மீன் சந்தைக்குப் போய்விட்டது. ஜப்பான் முழுக்க மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள்.

கப்பலின் வானொலி அதிகாரி அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். 41 நாள் கழித்து படம் வெளியானது. இப்போது அந்த வானொலி அறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது ஒரு சின்ன ரயில் காட்சி. வேலைக்குப் போகிற ஒரு பெண் சலிப்போடு பேசுகிறாள்: கதிரியக்க மீன், கதிரியக்க மழை, இப்போ இது வேறயா? நாகசாகியில் தப்பிப் பிழைத்தவளாம். பக்கத்தில் நிற்பவன் மறுபடியும் ஒளிய இடம் தேடணுமே என்கிறான். அழுகையோ பின்னணி இசையோ கிடையாது. விலைவாசி பேசுகிற தொனி. குண்டு விழுந்து 9 வருடம்தான் ஆகியிருந்தது. போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர் ஹோண்டா. அவருக்கு இந்தத் தொனி எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அமெரிக்கப் பிரதியில் அந்த நாகசாகிப் பேச்சு இல்லை. 96 நிமிடப் படம், புதிதாக பர் காட்சிகளைச் சேர்த்த பிறகும் 80 நிமிடமாகச் சுருங்கியது. மிருகத்தை முழுசாக வைத்துக்கொண்டு, அதைக் கிளப்பிவிட்டவர்கள் யார் என்ற பேச்சைக் குறைத்துவிட்டார்கள். மூலத்தின் முடிவில் முதிய விஞ்ஞானி யாமானே, சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்று முணுமுணுக்கிறார். அங்கே பர், உலகம் மறுபடி நிம்மதியாக வாழலாம் என்கிற மாதிரி பேசி முடித்துவைக்கிறார்.

ஜப்பானிய மூலம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓடியது 2004இல். அந்த மீன்பிடிக் கப்பல் இன்றும் டோக்கியோவில் யுமேனோஷிமா பூங்காவில், ஒரு கட்டிடத்துக்குள் நிற்கிறது. மரத்தால் ஆன கப்பல்.